மருத்துவர் பதில்கள்: மெர்செட் நகரத்து லியா

போன இதழில் வலிப்பு மருந்துகளைப் பற்றி எழுதும்போது, அமெரிக்காவில் ஒரு ஹ்மாங் குடும்பத்தில் பிறந்த லியா லீ என்ற குழந்தையைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். மருந்துகளைப் பற்றி வந்த கடிதங்களைவிட அவளைப் பற்றி வந்தவைதான் அதிகம். அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவளுக்கே.

ஹ்மாங் மக்கள் யார்? லியாவுக்கு என்னதான் நடந்தது? விவரமாக எழுதுங்கள் டாக்டர்.
- வாசகி, தஞ்சாவூர்

லாவோஸ், வியட்நாம், தாய்லாந்து, தென் சீனா ஆகிய இடங்களின் மலைகளில் வாழ்கிற இனம் அது. காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் நெல்லும் மக்காச்சோளமும் விதைத்து வாழ்ந்தவர்கள். 1960களில் லாவோஸில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. வெளியே தெரியாமல் ஒரு போரை நடத்தியது. அதில் முன்வரிசையில் நின்று செத்தவர்கள் ஹ்மாங் இளைஞர்கள். மீசை முளைக்காத பையன்கள்கூடத் துப்பாக்கி தூக்கினார்கள். 1975-ல் அமெரிக்கா கிளம்பிவிட்டது. தளபதி வாங் பாவையும் சில ஆயிரம் பேரையும் மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டது. மற்றவர்கள் காடு மலை தாண்டி, மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லியாவின் பெற்றோரும் அப்படித் தப்பியவர்கள்தான். அந்த அலைச்சலுக்கு நடுவில் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள். 1980-ல் அமெரிக்கா வந்து, கலிஃபோர்னியாவில் வயல்கள் சூழ்ந்த மெர்செட் என்ற ஊரில் குடியேறினார்கள்.

1982 ஜூலை 19 அன்று லியா பிறந்தாள். அந்தத் தாய் தன் மூத்த பிள்ளைகளில் பலரை லாவோஸில் வீட்டுத் தரையில் குந்தியபடி, வாய்விட்டுக் கத்தாமல் பெற்றவர். அந்தக் குடும்பத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் குழந்தை லியாதான். ஊரில் நஞ்சுக்கொடியை வீட்டுக்குள்ளேயே புதைப்பார்கள். ஆண் குழந்தையுடையது வீட்டின் நடுத்தூணுக்குப் பக்கத்தில், பெண் குழந்தையுடையது பெற்றோர் படுக்கைக்கு அடியில். இறந்தபின் ஆன்மா அங்கே திரும்பி வந்து, அதை உடுத்திக்கொண்டுதான் முன்னோர்களிடம் போகும். லியாவின் நஞ்சுக்கொடி ஆஸ்பத்திரி வழக்கப்படி எரிக்கப்பட்டது.

மூன்று மாதம் ஆனபோது அக்காள் கதவை ஓங்கிச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் குழந்தையின் கண்கள் மேலே செருகின, கைகள் தலைக்கு மேல் துடித்தன, மயங்கிவிட்டாள். அதுதான் முதல் வலிப்பு. பெற்றோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இல்லை. இரண்டு முறை போனார்கள். இரண்டு முறையும் போய்ச் சேருவதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. மொழிபெயர்க்க ஆள் இல்லை. எதிரில் இருந்ததெல்லாம் இருமுகிற ஒரு குழந்தை, படபடப்போடு நிற்கிற பெற்றோர். நெஞ்சில் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1983 மார்ச்சில், எட்டு மாதக் குழந்தையாக, வலிப்பு நிற்காமலேயே கொண்டுவரப்பட்டபோதுதான் கால்-கை வலிப்பு என்று கண்டுபிடித்தார்கள். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. குழந்தை மூளையில் ஒவ்வொரு நீண்ட வலிப்புக்கும் ஒரு கணக்கு உண்டு.

அதன்பிறகு நாலரை வயதுக்குள் 17 தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். 100 தடவைக்கு மேல் புறநோயாளியாகப் போய் வந்தாள். நான்கு வருடம் முடிவதற்குள் மருந்துச் சீட்டு 23 முறை மாறியது. பெற்றோர் ஒழுங்காக மருந்து தரவில்லை என்று 1985-ல் நீதிமன்ற உத்தரவு பெற்று, குழந்தையைப் பிரித்து வேறொரு குடும்பத்தின் வளர்ப்பில் விட்டார்கள். 1986 ஏப்ரலில் திருப்பித் தந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று வந்த வலிப்பு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. ஃபிரெஸ்னோ நகரின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ரத்தத்தில் கடுமையான நோய்த்தொற்று வேறு. மூளை செயலிழந்துவிட்டது, பிழைக்கமாட்டாள் என்றார்கள். அம்மா மூலிகைகளைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரால் அவள் உடம்பைத் திரும்பத் திரும்பக் கழுவினார். லியா சாகவில்லை. பேச்சில்லாமல், நடையில்லாமல், யாரையும் அடையாளம் காணாமல், பெற்றோரின் மடியிலும் முதுகிலுமாக இன்னும் 26 ஆண்டுகள் இருந்தாள். 2012 ஆகஸ்ட் 31 அன்று, 30 வயதில் காலமானாள்.

ஆன் ஃபேடிமன் என்ற பத்திரிகையாளர் 1997-ல் புத்தகமாக எழுதியதால்தான் இதெல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு அதைப் படிக்கக் கொடுக்கிறார்கள்.

வலிப்பு வந்தால் ஹ்மாங் மக்கள் பெருமைப்படுவார்களாமே! உண்மையா? பெற்ற பிள்ளை துடிப்பதைப் பார்த்து யாராவது பெருமைப்படுவார்களா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பெருமையும் கவலையும் இரண்டும் உண்டு தம்பி. ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னால் அவர்களைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

இந்த நோயை அவர்கள் ‘கௌ டா பே’ என்பார்கள். ஆவி பிடித்து விழுவது என்று அர்த்தம். பயத்தில், துக்கத்தில், பெரிய சத்தத்தில் ஆன்மா உடம்பை விட்டு ஓடிப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கைக்குழந்தையின் ஆன்மா இன்னும் உடம்போடு நன்றாக ஒட்டியிருக்காது, சீக்கிரம் நழுவிவிடும். கதவுச் சத்தத்தில் லியாவின் ஆன்மா ஓடிவிட்டது, அதனால்தான் வலிப்பு வருகிறது என்பதில் பெற்றோருக்குச் சந்தேகமே இல்லை. ஓடிய ஆன்மாவைக் கூப்பிட ஒரு சடங்கு உண்டு. வாசலில் நின்று, முட்டை, சோறு, கோழி, ஊதுவத்தி வைத்து, பெயர் சொல்லி அழைப்பார்கள். பிறகு அவித்த கோழியின் காலையும் நாக்கையும் பார்த்து, ஆன்மா வந்துவிட்டதா என்று குறி சொல்வார்கள். வந்த ஆன்மா மறுபடி போகாமலிருக்க மணிக்கட்டில் கயிறு கட்டுவார்கள்.

இதற்கு மேலே போக வேண்டுமானால் ‘ட்ஸி நெங்’ என்ற ஆவி மருத்துவர் வரவேண்டும். கறுப்புத் துணியால் முகத்தை மூடி, ஒரு மரப்பலகை மேல் அமர்ந்து, சேகண்டிச் சத்தத்துக்கு ஏற்ப உடம்பைக் குலுக்கிக்கொண்டே மணிக்கணக்கில் மந்திரம் சொல்வார். அந்தப் பலகைதான் அவருக்குச் சிறகு முளைத்த குதிரை. அதில் ஏறி ஆவி உலகத்துக்குப் போய், தொலைந்த ஆன்மாவுக்காக அங்கே வாதாடுகிறார். பன்றியோ கோழியோ பலியிடுவது, நோயாளியின் ஆன்மாவுக்கு ஈடாக அதன் ஆன்மாவைக் கொடுப்பதற்காக. அந்த மிருகத்திடம் நன்றி சொல்லிவிட்டுத்தான் அறுப்பார்கள்.

நீங்கள் கேட்ட பெருமை இங்கேதான் வருகிறது. யாரும் விரும்பி ட்ஸி நெங் ஆகிவிட முடியாது. ஆவிகள்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும், அதுவும் ஒரு நீண்ட நோயைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கும். வலிப்பு வருகிறவர் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிறார், நோயின் வேதனை தெரிந்தவர், ஆகவே நோயாளிக்கு இரங்குவார். அதனால் வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஊரில் மரியாதை. லியாவை அந்த வீட்டில் இளவரசியாகவே வைத்திருந்தார்கள். ஆனாலும் அவள் விழுந்தபோதெல்லாம் பதறித்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். தாய்லாந்திலிருந்து மூலிகைத் தாயத்து வரவழைத்துக் கட்டினார்கள். புகழ்பெற்ற ஒரு ட்ஸி நெங்கைப் பார்க்க மின்னசோட்டா வரைக்கும் போனார்கள். ஆவிக்கு ஆள் தெரியாமல் போகட்டும் என்று அவள் பெயரையே ‘கௌ’ என்று மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் எல்லோரும் லியா, லியா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் பலிக்கவில்லை என்று பெற்றோர் வருந்தினார்கள்.

மருந்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இந்தக் கதி வந்திருக்காது. மூடநம்பிக்கைக்குப் பரிந்து பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது. நான் 20 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்தை நிறுத்திவிட்டு வந்து அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.
- வாசகர், சேலம்

உங்கள் கோபத்தை மதிக்கிறேன். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும், உயிரும் போகலாம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் இந்தக் குழந்தையின் விஷயத்தில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

அந்தப் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது. எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. புட்டியில் ஒட்டிய காகிதம் அவர்களுக்கு வெறும் காகிதம். ஹ்மாங் மொழிக்கு ரோமன் எழுத்து முறை உண்டாக்கப்பட்டதே 1950களின் தொடக்கத்தில்தான். ஒரு கட்டத்தில் பெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால், கார்பமசெப்பின் என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். சில மருந்து காலை மட்டும், சில இரண்டு வேளை, சில மூன்று வேளை. பொதுச் சுகாதாரத் துறை செவிலியர்கள் வீட்டுக்கு வந்து புட்டிகளில் வண்ண ஒட்டுத்தாள்களை ஒட்டிப் பார்த்தார்கள். வண்ணத்தைப் பழகுவதற்குள் சீட்டு மாறிவிடும். படித்த பெற்றோருக்கே அந்தச் சீட்டுகளைப் பின்பற்றுவது சிரமம் என்று ஒரு குழந்தை மருத்துவராகச் சொல்கிறேன்.

இன்னொன்று, அந்தத் தாய் கண்ணால் பார்த்தது. ஃபீனோபார்பிட்டால் சில குழந்தைகளை நிலைகொள்ளாமல் ஆட வைக்கும், எரிச்சல்பட வைக்கும். பெனிட்டாயினால் ஈறு தடிக்கும், உடம்பில் முடி வளரும், அளவு கூடினால் நடை தள்ளாடும். மருந்து கொடுத்தால் பிள்ளை மாறிப்போகிறாள் என்று அவர் சொன்னது பாட நூலில் இருக்கிற உண்மை. அதைச் சொல்ல அவருக்கு மொழி இல்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க அடிக்கடி ஊசி குத்தினார்கள். உடம்பில் உள்ள ரத்தம் எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஊறாது என்று நினைக்கிற பெற்றோர் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

வளர்ப்புக் குடும்பத்தில் என்ன ஆயிற்று என்பதையும் கவனியுங்கள். முதலில் லியா நாள்கணக்கில் ஓயாமல் அழுதாள். அங்கே மருந்து வேளை தவறாமல் கொடுக்கப்பட்டது. வலிப்பு நிற்கவில்லை. அந்த வளர்ப்புத் தாய் சீக்கிரமே லியாவின் அம்மாவோடு நெருங்கிவிட்டார். எந்த அளவுக்கு என்றால், லியாவை டாக்டரிடம் கூட்டிப் போகிற நாளில் தன் சொந்தக் கைக்குழந்தையைக் கொண்டுவந்து லியாவின் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார். பிள்ளையை வைத்துக்கொள்ளத் தகுதியில்லை என்று அரசாங்கம் சொன்ன அதே பெண்ணிடம்! இந்த ஒரு செய்தி போதும் எனக்கு. நேரில் கண்டவருக்கு அந்தத் தாயைத் தெரிந்தது. கோப்புகளை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு வால்புரோயேட் என்ற ஒரே மருந்தை, திரவமாக, எழுதிக் கொடுத்தார்கள். பெற்றோர் அதை ஒழுங்காகவே கொடுத்தார்கள். ஒரே மருந்து என்றால் அவர்களால் முடிந்தது! 1986 நவம்பரில் அந்தப் பெரிய வலிப்பு வந்தபோது மருந்து நிறுத்தப்பட்டிருக்கவில்லை. ரத்தத்தில் பரவிய தொற்றுதான் முதலில் வந்தது, வலிப்பு அதன் விளைவு என்பது ஃபிரெஸ்னோவில் அவளைப் பார்த்த நரம்பியல் மருத்துவரின் கருத்து. ஆக, நீங்கள் நினைக்கிற காரணத்தால் அவள் மூளை போகவில்லை.

மெர்செட் மருத்துவர்களைத் திட்டியும் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் கணவன் மனைவியான இரண்டு குழந்தை மருத்துவர்கள். நடு இரவில் எழுந்து ஓடி வந்தவர்கள். சிறு கைக்குழந்தையின் நரம்பு தேடி ஊசி ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும், அதுவும் வலிப்பில் துடிக்கிற குழந்தைக்கு. குழந்தையைப் பிரிக்கச் சொன்னதும் அவள் மூளை அழிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான். இரண்டு பக்கமும் அன்புக்குக் குறைவே இல்லை. நடுவில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆஸ்பத்திரியில் வேறு வேலைக்கு இருந்த ஹ்மாங் ஊழியர் யாராவது அன்றைக்குப் பணியில் இருந்தால் பேச்சு நடக்கும். இல்லாவிட்டால் கைசாடைதான்.

ஹார்வர்டில் மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், நோயாளியிடம் கேட்கவேண்டிய எட்டுக் கேள்விகளை வகுத்தார். உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அந்த நேரத்தில் தொடங்கியது, உடம்புக்குள் அது என்ன செய்கிறது, எவ்வளவு கடுமையானது, எந்தச் சிகிச்சை வேண்டும், இதனால் உங்களுக்கு என்னென்ன தொல்லை, எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள். இந்தக் கேள்விகளை லியாவின் பெற்றோரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? தான் அறிந்ததை வைத்து ஃபேடிமன் எழுதுகிறார்: மருந்து ஒரு வாரத்துக்குக் கொடுங்கள், குணமானால் நிறுத்திவிடலாம். ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுக்காதீர்கள். வீட்டில் எங்கள் மருந்தும் பலியும் நடக்கும். பிள்ளை சுகமாக இருக்கவேண்டும், ஆனால் இந்த நடுக்கம் அடியோடு போகவேண்டுமா என்பதில் எங்களுக்கே நிச்சயமில்லை. பெரியவளானால் அவள் ட்ஸி நெங் ஆகலாம்.

முதல் நாளிலேயே இந்தப் பதில்கள் தெரிந்திருந்தால் நான் முதலில் ‘ஒரு வாரம்’ என்பதைத்தான் பேசியிருப்பேன். வலிப்பு மருந்து ஆண்டுக்கணக்கில் போகும் என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை என்று புரிந்திருக்கும். பன்றி பலி கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். என் புறநோயாளிப் பிரிவில் நான் கடைப்பிடிக்கிற வழக்கம், மருந்துப் புட்டியையும் வீட்டில் அளக்கிற கரண்டியையும் கையோடு கொண்டுவரச் சொல்வது. என் எதிரிலேயே ஊற்றிக் காட்டச் சொல்வேன். ஒருவர் தேக்கரண்டி, ஒருவர் பாயசக் கரண்டி, ஒருவர் இருமல் மருந்தோடு வந்த மூடி. எல்லோரும் 5 மில்லி என்று நம்பித்தான் ஊற்றுகிறார்கள். இவர்களில் யார் சொல்பேச்சுக் கேட்காத தாய்?

மந்திரவாதிகளை அமெரிக்க ஆஸ்பத்திரிக்குள் அனுமதிக்கிறார்கள் என்று படித்தேன். விஞ்ஞானம் இப்படித் தோற்றுப் போகலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

தோற்கவில்லை ஐயா. அதே மெர்செட் ஊரில், ட்ஸி நெங்குகளுக்கு நவீன மருத்துவத்தை அறிமுகப்படுத்தும் பயிற்சி தொடங்கினார்கள். ரத்தம் ஏன் எடுக்கிறார்கள், நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது, அறுவை அறையில் என்ன நடக்கிறது என்று கூட்டிப் போய்க் காட்டினார்கள். 2009-ல் அங்குள்ள மருத்துவமனை, பயிற்சி பெற்ற ட்ஸி நெங்குகள் நோயாளியின் கட்டிலருகே ஒன்பது வகைச் சடங்குகளைச் செய்யலாம் என்று எழுத்து மூலமாகவே விதி வகுத்தது. ஆன்மாவை அழைப்பது, தாழ்ந்த குரலில் மந்திரம் ஓதுவது போன்றவை. மிருக பலி கிடையாது. பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்களை அந்த ட்ஸி நெங்குகளே கூட்டி வந்தார்கள்.

அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்றால், 1982-ல் அமெரிக்காவிலிருந்து தாய்லாந்தின் பான் வினாய் அகதி முகாமுக்குப் போன ஒரு ஹ்மாங் பெண்ணிடம், ‘அமெரிக்க டாக்டர்கள் ஹ்மாங் நோயாளிகளின் ஈரலையும் மூளையையும் தின்பார்களாமே?’ என்று கேட்டிருக்கிறார்கள். முகாம் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக் கயிற்றைச் சுத்தமில்லை என்று வெட்டியதும் உண்டு. ஆன்மாவைக் கட்டிவைத்த கயிறு அது!

அதே முகாமில் 1985-ல் நடந்த வேறொன்றையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நாய்க்கடி நோய் பரவியது. தடுப்பூசிக்கு நாய்களைக் கொண்டுவாருங்கள் என்றால் ஒருவரும் வரவில்லை. டுவைட் கான்கர்குட் என்ற ஆய்வாளர் அங்கே அவர்கள் குடிசைகளுக்கு நடுவிலேயே குடியிருந்தார். ஹ்மாங் கதைகளில் வரும் புலி, கோழி, காட்டு ஆவி வேடங்களைப் போட்டு ஓர் ஊர்வலம் விட்டார். புலி ஆடியது, காட்டு ஆவி முரசு தட்டியது. நோயைப் பற்றி விளக்கியது கோழி. ஹ்மாங் மக்களுக்குக் கோழி குறி சொல்லும் பறவை, அது சொன்னால் கேட்பார்கள். மறுநாள் கயிற்றில் கட்டியும் கையில் தூக்கியும் நாய்கள் வந்து குவிந்தன. ஊசி போடுகிறவர்களுக்குக் கை ஓயவில்லை. ஊசியில் இருந்தது எல்லா ஊரிலும் போடுகிற அதே தடுப்பு மருந்துதான்.

என் மகனுக்கு ஆறு வயது. ஒரு வருடமாக வால்புரோயேட் கொடுக்கிறோம், வலிப்பு குறைந்திருக்கிறது. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும், மருந்தை நிறுத்து என்கிறார். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். வீட்டில் தினமும் சண்டை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

கயிறு கட்டட்டும் அம்மா. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மருந்தை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள், நிறுத்துவது எப்போது என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகன் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

சாவியால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நிற்கும், சாவி கொடுத்ததால் நின்றதாக நமக்குத் தோன்றும். இறுகிய விரலைப் பிரித்து இரும்பைத் திணித்தால் குழந்தைக்குத்தான் காயம். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகப் படுக்கவையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீரும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108.

மாமியாருக்கு ஒரு வேலை கொடுங்கள். கடிகாரம் பார்த்து நேரம் சொல்வதும், பேரனை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்பதை அவர் வாயாலேயே டாக்டரிடம் சொல்லட்டும். மருந்தால் பேரனுக்கு என்ன ஆகிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். வால்புரோயேட் சாப்பிடும் குழந்தைகளுக்கு ஈரல் பரிசோதனை எதற்காகச் செய்கிறோம் என்பதை டாக்டர் அவருக்கு நேரில் விளக்கினால், வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.